கை முந்தட்டும்

கோட்டைப் புகையிரத நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது கேணல் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட்டின் சிலை. நிலையத்தின் பெயரில்தான் கோட்டை இருக்கிறது. அது இருப்பதோ புறக்கோட்டைப் பக்கம். வாசலில் ஓடும் தெருவும் ஒல்கொட் மாவத்தை. 1880 மே மாதத்தில் காலியில் வந்திறங்கிப் பௌத்தத்தைத் தழுவிய அமெரிக்கர் என்று அவரை இலங்கை அறியும். 1886இல் இதே புறக்கோட்டையில் தொடங்கி, பின்னாளில் ஆனந்தா கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்றவர் என்றும் அறியும். எழுத்தைப் பற்றி அவர் எழுதி வைத்துள்ள ஒரு விசித்திரமான சாட்சியம்தான் இங்கே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இலங்கைக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நியூயோர்க்கில், மறைஞானியான ஹெலினா பிளவாட்ஸ்கி அம்மையார் ‘ஐசிஸ் அன்வெய்ல்ட்’ என்ற பெருநூலை எழுதிக்கொண்டிருந்தார். 1877இல் இரண்டு பாகங்களாக வெளிவந்த நூல் அது. பெரிய மேசை ஒன்றின் ஒருபுறம் அம்மையார், எதிரே ஒல்கொட். அம்மையாரின் ஆங்கிலத்தைத் திருத்துவது அவர் வேலை. ‘ஓல்ட் டயரி லீவ்ஸ்’ என்ற தம் நினைவுக்குறிப்புகளில் அந்த இரவுகளை அவர் வர்ணிக்கிறார். பேனை தாளில் பறக்குமாம். திடீரென்று நிற்குமாம். அம்மையார் வெறும் வெளியைப் பார்ப்பார். அங்கே யாரோ ஏட்டை விரித்துப் பிடித்திருப்பது போலக் கண்ணைச் சுருக்குவார். பிறகு அதைப் பார்த்துப் பிரதி எடுப்பவர் மாதிரி மளமளவென்று எழுதுவார். கையெழுத்துக்கூட நேரத்துக்கு நேரம் மாறியதாம்.

கண்ணுக்குத் தெரியாத குருமார் அந்தக் கையைப் பிடித்து எழுதினார்கள் என்று ஒல்கொட் நம்பினார். அந்த நூலில் உள்ள பல பகுதிகள் ஏற்கெனவே அச்சில் இருந்த நூல்களிலிருந்து எடுத்தாளப்பட்டவை என்று விமர்சகர்கள் பிறகு குற்றஞ்சாட்டினார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. என்னை ஈர்ப்பது அதற்கு அடியிலிருக்கும் கேள்வி. யோசித்து யோசித்து எழுதுகிறபோது வராத ஒன்று, நிறுத்தாமல் எழுதுகிறபோது எப்படி வருகிறது? எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியை ஆவி உலகத்திலிருந்து ஆய்வுகூடத்துக்கு இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். தானாக எழுதும் கை பற்றி 1889இலேயே அவர் குறிப்புகள் வெளியிட்டார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் அவர் இருந்த ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்த மாணவி ஒருவர், பின்னாளில் நவீன இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒன்றான கெர்ட்ரூட் ஸ்டைன். அவரும் லியோன் சொலமன்ஸ் என்ற சக மாணவரும் தங்களையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார்கள். ஒருவர் சுவாரசியமான கதையொன்றைப் படித்துக்கொண்டிருப்பார். மற்றவர் இடையிடையே சொற்களைச் சொல்லிக்கொண்டே போவார். படிப்பவரின் கை அந்தச் சொற்களை எழுதவேண்டும். கவனமோ கதையிலேயே இருக்கவேண்டும். தொடக்கத்தில் இரண்டும் மோதும். பழகப் பழக, என்ன எழுதினோம் என்பதே தெரியாமல் கை எழுதத் தொடங்கியது. சொல்வதற்கு ஆளில்லாத போதும், கதையில் மனம் ஆழ்ந்திருக்க, கை தன்பாட்டில் சொற்களைக் கிறுக்கியது. 1896இல் வெளியான அவர்களுடைய கட்டுரை சொன்ன முடிவு இது: சாதாரண மனிதர் எவரும் பயிற்சியால் இதைச் செய்யலாம், இதற்கு இன்னொரு ஆவியோ இன்னொரு ஆளுமையோ தேவையில்லை.

அந்தக் கட்டுரையில் இன்னொரு தகவலும் உண்டு. அதை நாம் மறக்கக்கூடாது. கவனத்தை அடியோடு விலக்கிவிட்ட கை எழுதியது பெரும்பாலும் பொருளற்ற சொல்லடுக்கு. ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் எழுத்து. மனம் முழுவதுமாக வெளியேறிவிட்டால் எழுத்து அவ்வளவுதான். ஆகவே, எழுத்துப் பயிற்சியாக இன்று உலகெங்கும் சொல்லித்தரப்படும் ஃப்ரீரைட்டிங், அதாவது கட்டற்ற எழுத்து, இதுவல்ல. அங்கே மனம் விழித்திருக்கிறது. சொல்ல நினைப்பதில் முழுதாக நிற்கிறது. எழுந்து போகச் சொல்வது ஒருவரை மட்டும்: பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுக்கொண்டிருக்கும் திருத்துநரை.

இந்த யோசனைக்கு வயது அதிகம். லுட்விக் பேர்ண என்ற ஜேர்மானிய எழுத்தாளர் 1823இலேயே, மூன்று நாள் மனதில் தோன்றுவதையெல்லாம் ஒளிவுமறைவின்றி எழுதித் தள்ளினால் நீங்கள் சுயமான எழுத்தாளர் ஆகலாம் என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். பதினான்கு வயதில் பேர்ணவின் நூல்களைப் பரிசாகப் பெற்ற சிறுவன் ஒருவன், வளர்ந்து, நோயாளிகளைச் சாய்வு இருக்கையில் படுக்கவைத்து வாயில் வந்ததைச் சொல்லச் சொன்னான். அவர் சிக்மண்ட் ஃபிராய்ட். அவருடைய முறையை முதல் உலகப் போரின் மனநோய்க் கூடம் ஒன்றில் பழகிய பிரெஞ்சுக் கவிஞர் அந்திரே பிரெத்தோன், 1919இல் பிலிப் சூப்போவுடன் சேர்ந்து அதையே இலக்கியத்துக்குத் திருப்பினார். முதல் நாள் முடிவிலேயே ஐம்பது பக்கமளவில் சேர்ந்ததாக அவர் எழுதியிருக்கிறார். 1934இல் டொரத்தியா பிராண்ட் என்ற அமெரிக்க ஆசிரியை, எழுத விரும்புகிறவர் காலையில் வழமையைவிட முன்னதாக எழுந்து, எவரோடும் பேசாமல், எதையும் வாசிக்காமல், உடனே எழுதத் தொடங்கவேண்டும் என்றார்.

முறையாக இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் பீட்டர் எல்போ. நன்றாகப் படித்த பிள்ளை; ஒக்ஸ்போர்டுக்குப் போனவர். அங்கே கட்டுரை எழுத முடியாமல் திணறினார். ஹாவார்டில் ஆய்வுப் படிப்பில் சேர்ந்து, எழுத முடியாமலே அதை விட்டு வெளியேறினார். தனக்கு என்ன நடந்தது என்று அவர் ஆண்டுக்கணக்காகக் குறித்து வைத்ததிலிருந்து பிறந்ததுதான் 1973இல் வந்த ‘ரைட்டிங் வித்தவுட் டீச்சர்ஸ்’. அதில் அவர் தரும் பயிற்சி எளிது: பத்து நிமிடம், நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், வெட்டாமல் எழுதவேண்டும். எதுவும் வரவில்லையென்றால், வரவில்லை என்பதையே எழுதவேண்டும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு நினைவாற்றல் ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. நாம் ஒரே கணத்தில் மனதில் பிடித்து வைத்திருக்கக்கூடியது மிகக் கொஞ்சம். அதைச் செயல் நினைவு என்பார்கள். லிண்டா ஃபிளவரும் ஜோன் ஹேய்ஸும், எழுதிக்கொண்டிருப்பவர்களைத் தம் யோசனையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து, 1981இல் எழுத்தை மூன்று வேலைகளாகப் பிரித்தார்கள்: திட்டமிடுதல், எண்ணத்தை மொழியாக்குதல், மீள்பார்த்தல். மூன்றும் ஒன்றையொன்று இடைமறித்துக்கொண்டே இருக்கும். மூன்றுக்கும் வேண்டியது அதே சின்னஞ்சிறு இடம். எழுதும்போது மனம் படும் பாடு, தேர்ந்த ஆட்டக்காரர் சதுரங்கத்தில் காய் நகர்த்த யோசிக்கும்போது படும் பாட்டுக்குக் குறைந்ததல்ல என்று ரொனால்ட் கெலொக் அளந்து சொன்னார். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய லொறி வந்து நிற்கும்போது பாருங்கள். நாட்டாமிகள் முதலில் மூட்டைகளை இறக்கிவிடுவார்கள். தரம் பார்ப்பதும் பிரிப்பதும் பிறகு, கடைக்குள்ளே, வேறு ஆட்கள். லொறியின் மேலேயே நின்று ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துப் பார்த்தால் பின்னால் தெரு முழுவதும் அடைபட்டுப் போகும். பெரும்பாலான நாட்களில் எங்கள் மேசையில் நடப்பது அதுதான்.

தமிழுக்கு இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. கவி நால்வகை என்று சொன்ன மரபு, கேட்ட கணத்திலேயே பாடும் ஆசுகவியை முதலில் வைத்தது. யாழ்ப்பாணம் வசாவிளானில் பிறந்த கல்லடி வேலுப்பிள்ளை (1860–1944) அந்தப் பெயருக்கு உரியவராக வாழ்ந்தவர். ‘சுதேச நாட்டியம்’ பத்திரிகையை நடத்தியவர். நின்ற நிலையில் அவர் பாடிய பாடல்கள் பற்றிய கதைகள் வடக்கில் இன்றும் உலவுகின்றன. பார்வைக்கு ஆசுகவி கட்டற்ற எழுத்துக்கு நேர் எதிரானது. அங்கே சீரும் தளையும் எதுகையும் பிசகக்கூடாது; இங்கே எழுத்துப் பிழைகூடப் பொருட்டில்லை. ஆனால் மனதுக்குள் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றே என்று நினைக்கிறேன். பாவலர் பல்லாண்டுப் பயிற்சியால் யாப்பை மூச்சு விடுவதுபோல ஆக்கிவிட்டார். அது இப்போது செயல் நினைவில் இடம் கேட்பதில்லை. தொடக்கக்காரர் அந்தப் பயிற்சி இல்லாததால் விதிகளைப் பத்து நிமிடத்துக்கு இறக்கி வைக்கிறார். இருவரும் இடத்தைக் காலி செய்துகொள்கிறார்கள்.

மூளைப் படங்களும் இந்தத் திசையில்தான் கை காட்டுகின்றன. 2008இல் சார்ள்ஸ் லிம், அலன் பிரவுண் இருவரும் ஆறு ஜாஸ் பியானோக் கலைஞர்களை ஸ்கானருக்குள் படுக்கவைத்து, சிறு விசைப்பலகை ஒன்றைக் கொடுத்து, மனம்போல வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமான இசையை வாசிக்கும்போது இருந்ததைவிட, கற்பனையாக வாசிக்கும்போது, முன்மூளையில் கண்காணிப்போடும் திட்டமிடலோடும் தொடர்புடைய வெளிப்பகுதிகள் அடங்கின. சுயத்தோடு தொடர்புடைய நடுப்பகுதி எழுந்தது. பிரவுண் குழுவினர் பிறகு கவிதைக்கு வந்தார்கள். 2015இல் வெளியான ஆய்வில், கவிதையைப் புதிதாக இயற்றும்போது தணிந்திருந்த கட்டுப்பாட்டுப் பகுதிகள், அதைத் திருத்த உட்கார்ந்தபோது மீண்டும் வேலைக்கு வந்தன. தேர்ந்த கவிஞர்களிடம் அந்தத் தணிவு புதியவர்களைவிட ஆழமாக இருந்தது. இத்தகைய ஆய்வுகளில் பங்கெடுப்போர் மிகச் சிலர் என்பதால் பெரிய கோட்டையெதுவும் இதன்மேல் கட்டக்கூடாது. ஆனாலும் திருத்துநரை அனுப்பவும் அழைக்கவும் தெரிந்திருப்பதே தேர்ச்சியின் ஒரு பகுதி என்று அது சொல்வது, எழுதுகிறவர்களுக்குக் கேட்ட குரலாகவே இருக்கும்.

ஏன் பத்து நிமிடம்? இரண்டு நிமிடம் போதாதா? போதாது. படைப்பாற்றல் ஆய்வில் 1957 முதல் தெரிந்த ஒரு விஷயம்: ஒரு கேள்விக்கு மனம் அடுக்கும் விடைகளில் முதலில் வருபவை எல்லாருக்கும் வருபவை, பிந்தி வருபவையே புதியவை. விடைகள் வரும் வேகம் போகப் போகக் குறைகிறது, புதுமையோ கூடுகிறது. பிரையன் லூகாஸும் லோரன் நோர்ட்கிரெனும் 2015இல் இன்னொன்றைக் காட்டினார்கள். யோசனைகளை எழுதச் சொல்லி, சிறிது நேரம் கழித்து நிறுத்தி, இன்னும் எத்தனை வரும் என்று கேட்டால், மக்கள் குறைவாகவே சொல்கிறார்கள். தொடரச் சொன்னால் சொன்னதைவிட அதிகம் வருகிறது. ‘இனி என்னிடம் ஒன்றுமில்லை’ என்ற அந்த உணர்வு, ஒன்றுமில்லாதபோது வருவதல்ல. இலகுவானது தீர்ந்தபோது வருவது. அங்கே பேனையை வைத்துவிடுகிறவர், சரியாக வாசலில் வைத்துத் திரும்பிப் போகிறார்.

‘புறக்கோட்டை’ என்று தலைப்பிட்டு இந்த முறையில் நான் எழுதிய ஒரு பக்கத்தின் தொடக்கத்தை அப்படியே தருகிறேன்:

“புறக்கோட்டை எண்டா என்ன எழுதுறது சனம் சத்தம் வெயில் எல்லாரும் எழுதுறதுதானே அது. சிவப்புப் பள்ளிவாசல். கைவண்டி. கைவண்டி. ஒண்டும் வரேல்ல ஒண்டும் வரேல்ல. கருவாடு மணக்குது, இல்ல கருவாடு இல்ல, தாள் மணம். மலிபன் வீதி. ஜனவரி. கொப்பி வாங்கப் போனனாங்கள், பிறவுண் பேப்பர் சுருள் என்ர மடியில, பஸ்ஸில வேர்த்து அது நனைஞ்சு போச்சு. அப்பா காசு எண்ணினவர். திரும்ப எண்ணினவர். கட்டின நூலை அவிட்டு ஒரு கொப்பிய வெளியில எடுத்துக் குடுத்தவர், சித்திரக் கொப்பி, கடைக்காரர் அப்பாவப் பாக்காம அத எடுத்து அடுக்கினவர்.”

முதல் இரண்டு வரியை யாரும் எழுதலாம். சனமும் சத்தமும் சிவப்புப் பள்ளிவாசலும் எல்லாச் சுற்றுலா ஏட்டிலும் இருக்கின்றன. ‘ஒண்டும் வரேல்ல’ என்று எழுதியதற்குப் பிறகுதான் மணம் வந்தது. அதுவும் முதலில் பிழையான மணம். கை நிற்காததால் அந்தப் பிழை தன்னைத் தானே திருத்திக்கொண்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கொப்பியை அடுக்கிய அந்தக் கடைக்காரரின் நாகரிகம் என் நினைவில் இருந்ததே எனக்குத் தெரியாது. கட்டுரை எழுத உட்கார்ந்திருந்தால் அவர் வந்திருக்கமாட்டார். அவரைத் தேடும் எண்ணமே எனக்கு வந்திருக்காது.

அந்தப் பத்தி எந்தத் தமிழில் இருக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். எங்களுக்குப் பேசுவதற்கு ஒரு தமிழ், எழுதுவதற்கு இன்னொரு தமிழ். நினைவு வருவது பேச்சில். தாளில் இறங்கும்போது அதற்குச் சட்டை மாட்டுகிறோம். ‘எண்ணினவர்’ என்பது ‘எண்ணினார்’ ஆகும் அந்த அரை நொடியில் வேகம் போகிறது. சில வேளை காட்சியும் போகிறது. ஆங்கிலத்தில் எழுதிய எல்போவுக்குப் பெரிதாக இல்லாத சுமை இது. கட்டற்ற எழுத்தால் மற்ற எவரையும்விடத் தமிழில் எழுதுகிறவருக்கு இலாபம் அதிகம் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். பத்து நிமிடத்துக்கு அந்த மாற்றும் வேலையை நிறுத்திவிடலாம். யாழ்ப்பாணத்துப் பேச்சோ, மட்டக்களப்புப் பேச்சோ, மலையகத்துப் பேச்சோ, முஸ்லிம் வீடுகளின் பேச்சோ, புறக்கோட்டைக் கடைக்குள் சிங்களம் ஊடாடி வரும் பேச்சோ, வாயில் உள்ளதே தாளிலும் வரட்டும்.

இதைச் சொல்லும்போது டொமினிக் ஜீவாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்துகொண்டே எழுதியவர்; 1966 ஓகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கியவர்; பின்னாளில் புறக்கோட்டைக்கு அயலில், கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து அதை நடத்தியவர். 1960களின் முற்பகுதியில் அவருடைய தலைமுறை எழுத்தாளர்கள் தங்கள் மக்களின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, அதை இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சிலர் ஒதுக்கினார்கள். பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது. இன்று பலருடைய தலைக்குள் உட்கார்ந்திருக்கும் திருத்துநருக்கு அந்தப் பண்டிதரின் குரல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சிவப்புப் பேனையால் சுழித்த ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தீனி. ஜீவாவும் தோழர்களும் வெளியே நின்று வாதாடி வென்றதை, எழுதுகிறவர் ஒவ்வொருவரும் உள்ளே ஒருமுறை வெல்லவேண்டியிருக்கிறது.

எழுத்து மனதுக்கு மருந்து என்ற பேச்சும் இதோடு சேர்ந்தே வரும். அதை அளவோடு எடுத்துக்கொள்வது நல்லது. 1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சான்ட்ரா பீலும், மாணவர்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை ஆழமாகப் பாதித்த அனுபவம் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதிய உடனே மனம் கனத்தது. அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் வைத்திய நிலையத்துக்குப் போனது குறைந்தது. பின்னர் இருபது ஆண்டுகளில் குவிந்த 146 ஆய்வுகளை ஜோஆன் ஃபிராட்டரோலி 2006இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பயன் உண்மை, ஆனால் சிறியது என்றே தெரிந்தது. போரைக் கடந்து வந்த எங்கள் சமூகத்தில் நிறுத்தாத பேனை எந்தக் கதவைத் தட்டும் என்று சொல்ல முடியாது. எழுதும்போது மனம் தாங்காது போனால் அந்த விஷயத்தை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுங்கள், அல்லது நிறுத்துங்கள் என்பது பென்னபேக்கர் தாமே வைத்த விதி. பிள்ளைகளை எழுதவைக்கும் ஆசிரியர்கள் இதை மறக்கவே கூடாது. அந்தக் கொப்பியை வாங்கி வாசிக்கவும் கூடாது. யாரும் வாசிக்கமாட்டார்கள் என்ற உறுதி இல்லாவிட்டால் முதல் வரியிலேயே திருத்துநர் திரும்பி வந்துவிடுவார்.

எல்லா எழுத்துக்கும் இது பொருந்தாது. கெலொக்கின் சோதனைகளில், கடிதம் போன்ற காரியத்துக்கு முன்கூட்டியே குறிப்பெடுத்து ஒழுங்கமைத்தவர்களின் எழுத்தே தரமாக இருந்தது. ஆட்களும் ஒரே மாதிரியல்லர். சூழலுக்கேற்பத் தம்மை இடைவிடாமல் சரிபார்த்துக்கொள்ளும் இயல்புள்ளவர்களுக்குக் குறிப்பெடுக்கும்போது புதிய எண்ணங்கள் வருகின்றன என்றும், அந்த இயல்பு குறைந்தவர்களுக்கு முழு வாக்கியங்களாக எழுதும்போதே வருகின்றன என்றும் டேவிட் கல்பிரெய்த் 1990களில் கண்டார். பரீட்சை விடையையோ வங்கிக் கடிதத்தையோ இப்படி எழுதப் போகாதீர்கள். கதை, கவிதை, நினைவுக் கட்டுரை, என்ன சொல்ல வருகிறோம் என்பதே இன்னும் தெளியாத எதுவும் இதற்கு உரியவை.

கைபேசியில் எழுதுவதைவிடக் கொப்பியும் பேனையும் உகந்தவை. தமிழ் விசைப்பலகை அடுத்த சொல்லை முந்திக்கொண்டு நீட்டும்; அது நீட்டுவது எல்லாரும் அடிக்கடி எழுதும் சொல், நாம் கடந்து போக முயலும் அதே முதல் வரி. மலிபன் வீதியில் கிடைக்கும் மலிவான கொப்பியே நல்லது. அழகான கொப்பியில் அழகாக எழுதத் தோன்றும். மணி வைத்துவிட்டு எழுதுங்கள். அடித்தால் நிறுத்தி, கொப்பியை மூடிவிடுங்கள். உடனே வாசிக்கவேண்டாம். ஒரு நாள் கழித்துப் பென்சிலோடு வாருங்கள். இப்போது திருத்துநருக்கு வேலை உண்டு. பெரும்பகுதி பதராகத்தான் இருக்கும். எங்கோ ஒரு வரியில் உங்களுக்கே தெரியாதிருந்த ஒன்று நிற்கும், சித்திரக் கொப்பியை அடுக்கிய கடைக்காரர் மாதிரி. அந்த வரியைக் கோடிட்டு, புதிய பக்கத்தின் தலையில் எழுதி, மணியை மறுபடி வைத்து அங்கிருந்து தொடங்குங்கள். எல்போவும் இப்படிச் சுற்றுச் சுற்றாக எழுதிப் போகும் முறையையே சொல்லித்தந்தார்.